ஆறு எழுதி வைத்த வெள்ளக் கணக்கு: தொல்வெள்ள ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணை, பாலம், ஆற்றங்கரைக் குடியிருப்பு எதைக் கட்டுவதானாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த ஆற்றில் எவ்வளவு பெரிய வெள்ளம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? நீரளவு ஏடுகள் பெரும்பாலும் ஐம்பது, நூறு ஆண்டுக்கு மேல் பின்னால் போவதில்லை. அதற்கும் முந்தைய வெள்ளங்களை மண்ணிலும் பாறையிலும் தேடுவதுதான் தொல்வெள்ள ஆய்வு. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை அதிகம் எடுத்துக்கொண்டேன். பாறைப் பள்ளத்தாக்கு, அணை, நீரளவு ஏடு, பழைய மண் நான்கும் ஒரே இடத்தில் அமைந்த ஆறு அது.

நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருமா?

இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். இந்த ஆண்டு வந்துவிட்டது, இனி 99 ஆண்டு கவலையில்லை என்று ஆறு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆற்றோரம் வீடு கட்டி 30 ஆண்டு குடியிருப்பவர் அப்படி ஒரு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு சுமார் 26%. நூறு ஆண்டு முழுவதும் எடுத்தால் 63%.

நீரளவு நிலையத்தில் எழுதி வைத்த ஏடு போதாதா?

சிறிய வெள்ளங்களுக்குப் போதும். பெரியவற்றுக்குத்தான் போதாது.

கொலராடோ ஆற்றில் லீஸ் ஃபெர்ரி என்ற துறை இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் ஆறு நுழையும் வாசல் அது. அங்கே 1921-இல் நீரளவு நிலையம் அமைந்தது. 1963-இல் சற்று மேலே கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் பதிவானது அணையிலிருந்து திறந்துவிட்ட நீரின் அளவுதான். ஆக, ஆறு தன் போக்கில் ஓடியதற்கான ஏடு 42 ஆண்டுதான். அதில் மிகப் பெரியதாகக் குறிக்கப்பட்டது 1921 ஜூன் மாத வெள்ளம், விநாடிக்குச் சுமார் 2.2 லட்சம் கன அடி.

அணையின் பாதுகாப்புக்கு ஆயிரம் ஆண்டு, பத்தாயிரம் ஆண்டு வெள்ளத்தின் அளவு தேவைப்படுகிறது. 42 புள்ளிகளைக் கொண்டு ஒரு வளைகோடு வரைந்து, அதைப் பத்தாயிரம் வரை நீட்டுகிறோம். எந்தச் சூத்திரத்தை எடுக்கிறோம் என்பதற்கேற்ப கோட்டின் நுனி எங்கெங்கோ போய் நிற்கும். கணக்குப் போடுபவரின் திறமைக் குறைவால் வரும் குழப்பம் அன்று இது. கையில் உள்ள தகவலே அவ்வளவுதான்.

வெள்ளம் வடிந்து ஆயிரம் ஆண்டு ஆன பிறகும் என்ன தடயம் மிஞ்சும்?

பல வகை உண்டு. மரத்தின் பட்டையில் கட்டைகள் மோதிய வடு, பாறை இடுக்கில் சிக்கிய மரத்துண்டுகள், வெள்ளம் உருட்டி வந்த பெரிய கற்கள், மேட்டு மண் அரிக்கப்பட்ட விளிம்பு. இவற்றில் எல்லாம் மேலானது தேங்குநீர்ப் படிவு.

பெருவெள்ளம் பாறைப் பள்ளத்தாக்கில் பாயும்போது நடுவில் வேகம் பயங்கரமாக இருக்கும். ஆனால் ஓரத்தில் நீர் சுழன்று தேங்கும் இடங்கள் உண்டு. துணையாறு வந்து சேரும் வாய், பாறைக் குடைவு, குகை, துருத்தி நிற்கும் பாறையின் மறைவு, இப்படி. வெள்ளநீர் சுமந்து வந்த மெல்லிய மணலும் வண்டலும் அங்கே வேகம் இழந்து படிந்துவிடும். நீர் வடிந்ததும் அந்த மண் அப்படியே நின்றுவிடும். குகையாக இருந்தால் மழையும் படாது, வேரும் துளைக்காது. அடுத்த பெருவெள்ளம் அதே உயரத்துக்கு வந்தால் அதன் மேல் இன்னொரு அடுக்கு. வரவில்லையென்றால் பழைய அடுக்கு அப்படியே காத்திருக்கும். சாதாரண வெள்ளம் அந்த உயரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் அங்கே பதிவாவது பெரியவை மட்டும்தான். நமக்கு வேண்டியதும் அதுவே.

ஒரு அடுக்கு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்?

இரண்டு வெள்ளங்களுக்கு இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பார்கள். இலைச் சருகு, பாறைச் சுவரிலிருந்து உதிர்ந்த கூர்மையான கற்கள், பூச்சி துளைத்த வளை, காய்ந்து வெடித்த சேற்றுத் தோல் இவையெல்லாம் நீர் இல்லாத காலத்தின் அடையாளம். சில இடங்களில் மனிதர் மூட்டிய அடுப்பின் சாம்பலே இருக்கும். டெக்சாஸில் பெக்கோஸ் ஆறு ரியோ கிராண்டேயில் சேரும் இடத்துக்கு அருகே அரெனோசா என்ற பாறைக் குடைவு இருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். வெள்ளம் வந்து மணல் மூட, அது வடிந்தபின் திரும்பி வந்து அதன் மேலேயே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். மணல், சாம்பல், மணல், சாம்பல் என்று மாறி மாறி அடுக்குகள். 1960-களில் தொல்லியலாளர்கள் அவசரமாகத் தோண்டிப் பதிவுசெய்த இடம் அது, ஏனென்றால் அமிஸ்டாட் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இன்று அரெனோசா அந்த ஏரிக்குள் கிடக்கிறது. வெள்ளத்தின் வரலாற்றைச் சொன்ன இடத்தையே நீர்த்தேக்கம் மூடிவிட்டது என்பது எனக்கு ஆறாத வருத்தம். நல்லவேளை, பதிவுகளாவது மிஞ்சின.

அடுக்கின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

மூன்று வழிகள் அதிகம் பயன்படுகின்றன.

மண்ணுக்குள் சிக்கிய விதை, சுள்ளி, கரித்துண்டு கிடைத்தால் கார்பன்-14 முறை. அதன் அரைவாழ்வு 5730 ஆண்டு என்பதால், வெள்ள ஆய்வுக்கு வேண்டிய கால அளவு இதற்குள் வசதியாக அடங்கும். ஆனால் கரித்துண்டில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முன் பட்டுப்போன மரம் வெள்ளத்தில் வந்து சேர்ந்திருந்தால், வெள்ளம் உண்மையைவிட முந்நூறு ஆண்டு பழையதாகத் தோன்றும். எனவே கரியைவிட இலையும் விதையும் நம்பகமானவை. அவை அதிக நாள் தாங்காதவை என்பதே காரணம்.

இரண்டாவது ஒளிர்வு முறை. குவார்ட்ஸ் மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதை அது சொல்லும். இருட்டில் புதைந்திருக்கும் காலம் முழுவதும் சுற்றியுள்ள கதிரியக்கத்தால் துகளுக்குள் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஆய்வகத்தில் ஒளி காட்டினால் அது ஒளிர்வாக வெளிவரும். அதனால் மாதிரியை வெளிச்சம் படாமல் குழாயில் அடித்து எடுக்க வேண்டும். கலங்கல் நீரில் வந்த மணலில் சில துகள்கள் வெயிலையே பார்த்திராது என்பதால், துகள் துகளாகப் பிரித்துச் சோதிப்பதும் உண்டு.

மூன்றாவது சீசியம்-137. இது இயற்கையில் கிடையாது. 1950-களில் பெருகிய அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பரவியது. ஒரு அடுக்கில் அது இருந்தால் அந்த வெள்ளம் நம் காலத்தது.

மண் இருந்த உயரத்திலிருந்து இத்தனை கன அடி என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுகளை அளந்து கணினியில் ஏற்றுவார்கள். எச்.இ.சி.-ராஸ் போன்ற மென்பொருளில் வெவ்வேறு அளவு நீரை ஓடவிட்டு, எந்த அளவில் நீர்மட்டம் அந்த மண்ணைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். இங்கே இரண்டு விஷயங்கள் முக்கியம். ஆற்றின் அடித்தளம் அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாக மாறியிருக்கக் கூடாது. பாறைப் பள்ளத்தாக்கைத் தேடிப் போவது இதற்காகத்தான். இன்னொன்று, மண் படிந்த உயரம் வெள்ளத்தின் உச்சம் அல்ல. நீர் அதற்கும் மேலே போயிருக்கும், எவ்வளவு மேலே என்பது தெரியாது. எனவே கிடைக்கும் எண் எப்போதும் 'குறைந்தது இவ்வளவு' என்றுதான் படிக்கப்பட வேண்டும்.

சரி, கொலராடோவில் என்ன கண்டார்கள்?

ஜிம் ஓ'கானர் முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு லீஸ் ஃபெர்ரிக்கு அருகே உள்ள படிவுகளைப் பற்றியது. அந்தக் குழுவில் தொல்வெள்ளத் துறையை வளர்த்த விக்டர் பேக்கரும், புணேயைச் சேர்ந்த விஸ்வாஸ் காலேயும் இருந்தார்கள். சுமார் 4500 ஆண்டுகளில் குறைந்தது 15 பெருவெள்ளங்களின் மண் அங்கே கிடைத்தது. கடைசி 2000 முதல் 2300 ஆண்டுகளில் மட்டும் பத்து வெள்ளங்கள் 2.4 லட்சம் கன அடியைத் தாண்டியிருந்தன. இன்றைக்கு 1200 முதல் 1600 ஆண்டுகளுக்கு முன் வந்த ஒன்று ஏறத்தாழ 5 லட்சம் கன அடிக்கும் மேல்.

42 ஆண்டு ஏட்டில் இருந்த மிகப் பெரிய எண் 2.2 லட்சம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஏடு பொய் சொல்லவில்லை, அது பார்த்தது ஆற்றின் அமைதியான ஒரு துண்டுக் காலத்தை. அந்தத் துண்டை வைத்து மட்டும் வரைந்த கோடு, அரிய வெள்ளங்களின் அளவைக் குறைத்துக் காட்டியது.

1983-இல் பனி உருகிய நீர் பெருக்கெடுத்து வந்தபோது கிளென் கேன்யன் அணையின் உபரிநீர்ச் சுரங்கங்களில் காங்கிரீட்டும் பாறையும் பெரும் பள்ளங்களாகப் பெயர்ந்தன. அப்போது திறந்துவிட்ட நீர் ஒரு லட்சம் கன அடியைக்கூட எட்டவில்லை. நான் மேலே சொன்ன 5 லட்சத்தை இந்த நினைவோடு சேர்த்துத்தான் எப்போதும் படிக்கிறேன்.

பெரிய வெள்ளங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் கணக்கு கோணிவிடாதா?

கேட்க வேண்டிய கேள்வி. இந்தத் துறையின் உயிர்நாடியே இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

வெறுமனே பழைய பெருவெள்ளங்களை 42 ஆண்டுப் பட்டியலில் ஒட்டினால் கணக்கு கெட்டே போகும். செய்ய வேண்டியது வேறு. ஒரு குகையின் தரை மட்டத்தை ஒரு கோடாக எடுத்துக்கொள்வோம். அந்தக் கோட்டைத் தாண்டும் வெள்ளம் எது வந்தாலும் அங்கே மண்ணை விட்டுச் செல்லும் என்று கொள்வோம். இரண்டாயிரம் ஆண்டில் பத்து அடுக்கு இருக்கிறது என்றால், பத்து ஆண்டுகள் கோட்டைத் தாண்டின என்பது ஒரு தகவல். மீதி 1990 ஆண்டுகள் தாண்டவில்லை என்பதும் தகவல்தான். அந்த ஆண்டுகளில் வெள்ளம் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், கோட்டுக்குக் கீழே இருந்தது என்று தெரியும். இந்த 'வரவில்லை'யையும் சேர்த்துக் கணக்கிடும்போது கோணல் நேராகிறது. புள்ளியியலில் இதற்கான முறைகள் தெளிவாக உண்டு. அமெரிக்க அரசின் வெள்ளக் கணக்கு வழிகாட்டியின் 2018 பதிப்பு, அளவு துல்லியமாகத் தெரியாமல் 'இதற்கும் இதற்கும் இடையில்' என்று மட்டும் தெரிந்த வெள்ளங்களைச் சேர்ப்பதற்கே ஒரு கணிப்பு முறையை வைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், பெருவெள்ளத்தின் அடுக்கைவிட நீர் தொடாத மேடு இன்னும் மதிப்புள்ளது. ஆற்றோரம் ஒரு பழைய மேடு இருக்கிறது, அதன் மேல்மண் 3000 ஆண்டாக அரிப்போ வண்டலோ இல்லாமல் முதிர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த உயரத்தை எட்டும் வெள்ளத்துக்கான ஆண்டு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று 95% உறுதியோடு சொல்லலாம். மூன்றை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எளிய கணக்கு இது. படிவைத் தேடி வியர்வை சிந்துபவர்களும் நீர் தொடாத மேட்டைச் சில நேரம் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தேவைக்கு மேல் செலவு வைக்கும் மிகைக் கணிப்புகளைத் தடுப்பதும் இந்த மேடுதான்.

பழைய மண் கணக்கைத் திருத்திய தெளிவான உதாரணம் இருக்கிறதா?

மேலே சொன்ன பெக்கோஸ் ஆறுதான். 1954 ஜூனில் ஆலிஸ் புயலின் மிச்ச மேகங்கள் அங்கே கொட்டித் தீர்த்ததில் விநாடிக்கு 9 லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் வந்தது. ஏட்டில் இருந்த மற்ற ஆண்டுகளுக்குப் பக்கத்தில் இது பனைமரம் மாதிரி தனியாக நின்றது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கிட்டால், சூத்திரத்துக்குச் சூத்திரம் விடை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. கிரெய்க் கோச்செலும் விக்டர் பேக்கரும் கரைகளில் தேங்குநீர்ப் படிவுகளை ஆராய்ந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் அதற்கு இணையானது இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 'தொல்வெள்ளவியல்' என்ற பெயரைத் தலைப்பாகவே சூட்டி 1982-இல் அவர்கள் எழுதிய கட்டுரை இந்த வேலையிலிருந்து பிறந்ததுதான்.

கல்வெட்டு, சுவரில் போட்ட கோடு, ஊர்ப் பெரியவர்களின் நினைவு இவை உதவுமா?

மிகவும் உதவும். சீனாவில் யாங்சி ஆற்றின் பள்ளத்தாக்குகளில் 1870 வெள்ளத்தின் உயரத்தை மக்கள் பாறையில் செதுக்கி வைத்தார்கள். அதை வைத்து யிச்சாங்கில் விநாடிக்குச் சுமார் 37 லட்சம் கன அடி என்று கணித்தார்கள். மூன்று பள்ளத்தாக்கு அணையின் வடிவமைப்பில் அந்த எண் இடம்பெற்றது. மஞ்சள் ஆற்றின் 1843 வெள்ளம் ஒரு நாட்டுப்புறப் பாட்டில் ஆண்டோடு தங்கியிருக்கிறது. நம் பக்கத்தில் 1924 வெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099 அது.

ஆனால் நினைவையும் சரிபார்க்க வேண்டும். லீஸ் ஃபெர்ரியிலேயே 1884 வெள்ளத்தின் உயரம், ஆப்பிள் மரத்தில் ஏறித் தப்பிய ஒரு பூனையை மீட்ட நினைவை வைத்துப் பல ஆண்டுகள் கழித்துக் குறிக்கப்பட்டது. அதிலிருந்து 3 லட்சம் கன அடி என்று கணித்தார்கள். பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தபோது 2.1 லட்சம் அளவில்தான் இருக்கும் என்று குறைத்தார்கள். பூனைமேல் தப்பில்லை. உயரத்தை நீரளவாக மாற்றும் இடத்தில்தான் எப்போதும் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

காலநிலையே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய வெள்ளத்தால் இனி என்ன பயன்?

பழைய கணக்கை அப்படியே எதிர்காலத்துக்குப் பொருத்தினால் தவறுதான். ஆனால் காலநிலை மாறும்போது ஆறு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லும் நேரடிச் சான்றும் இதே மண்தான். மிசிசிப்பியின் மேற்பகுதிக் கிளையாறுகளில் ஜேம்ஸ் நாக்ஸ் 7000 ஆண்டு வெள்ள வரலாற்றை எடுத்து 1993-இல் வெளியிட்டார். சராசரி வெப்பம் 1 முதல் 2 டிகிரி, மழை 10 முதல் 20% என்ற சிறிய மாற்றங்களே வெள்ளத்தின் அளவைப் பெரிதும் மாற்றியிருந்தன. நர்மதைப் படிவுகளிலும் இதே பாடம். சில நூறு ஆண்டுகளுக்கு முன் குளிர் கூடியிருந்த, சிறு பனிக்காலம் எனப்படும் நூற்றாண்டுகளில் மத்திய இந்திய ஆறுகளில் பெருவெள்ளத் தடயம் குறைவு. 20-ஆம் நூற்றாண்டு வெள்ளங்கள் அவற்றைவிடப் பெரியவை. வெள்ளங்கள் காலத்தில் சீராகப் பரவி வருவதில்லை, கொத்துக் கொத்தாக வருகின்றன. 42 ஆண்டு ஏட்டில் இது தெரியவே தெரியாது.

எல்லா ஆற்றிலும் இதைச் செய்ய முடியுமா?

முடியாது. தடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல் ஆறுகளிலும் கழிமுகச் சமவெளியிலும் உயரத்தை நம்பிக் கணக்கிட முடியாது. கடும் மழைக் காட்டில் மண் அடுக்குகளை வேரும் கறையானும் கலக்கிவிடும். ஆனால் பெரும்பாலான ஆறுகள் எங்காவது ஓரிடத்தில் பாறைக்குள் குறுகிப் பாய்கின்றன. அங்கே போய்ப் பார்க்கலாம்.

இந்தியாவில், குறிப்பாகக் காவிரியில்?

நர்மதை, தபதி ஆறுகளில் காலேயும் அவருடன் உழைத்தவர்களும் 1990-களிலேயே செய்துவிட்டார்கள். மேல் காவிரியின் தொல்வெள்ளப் படிவுகளைப் பற்றி அவரும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஹேமா அச்சுதனும் பிறரும் சேர்ந்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தஞ்சைச் சமவெளியில் இந்த முறை எடுபடாது. மேகதாது, ஒகேனக்கல் போன்ற பாறை இடுக்குகள்தான் காவிரி தன் பழைய கணக்கை விட்டுவைக்கக்கூடிய இடங்கள். அணைத் திட்டம் எதுவானாலும், நீர் மூடுவதற்கு முன் இந்தக் கரைகளை ஒருமுறை முழுதாக அளந்து மாதிரி எடுத்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அரெனோசாவில் அதைச் செய்தார்கள்.

நடைமுறையில் யாராவது பயன்படுத்துகிறார்களா?

அமெரிக்காவின் நீர்மீட்பு வாரியம் அணைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும்போது வழக்கமாகவே பயன்படுத்துகிறது. தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டி நகரில் 1972 ஜூன் 9 இரவு வந்த வெள்ளத்தில் 238 பேர் இறந்தார்கள். இனி அப்படி வரவே வராது என்று நினைக்கத் தோன்றும் அளவு அது. சுற்றியுள்ள ஓடைகளின் பாறைக் குடைவுகளில் பிறகு தேடியபோது, அதற்கு இணையான வெள்ளங்கள் முன்பும் வந்து போன மண் கிடைத்தது.

ஆற்றங்கரையில் இப்படி ஒரு மண் அடுக்கைப் பார்த்தால் நான் என்ன செய்யலாம்?

தோண்ட வேண்டாம். முகப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஒளிர்வு முறைக்கு அந்த மணல் உதவாமல் போகலாம். பக்கத்தில் ஒரு அளவுகோலையோ குடையையோ வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய நீர்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று தோராயமாக எழுதுங்கள். ஊரில் வயதானவர்களிடம் கடைசியாக நீர் அங்கே எந்த ஆண்டு ஏறியது என்று கேட்டு அதையும் சேர்த்து, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் அல்லது நிலவியல் துறைக்கு அனுப்புங்கள். அப்புறம், அந்த மேட்டில் மணல் அள்ள யாராவது வண்டி கொண்டு வந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.